கடனும் களவும்: ஓர் அமெரிக்க இசைத்தட்டு எழுப்பிய வினா

கலைத்துறையில் முன்னோர் ஆக்கத்தைப் பின்னோர் எடுத்தாளுதல் எந்நாட்டிலும் எக்காலத்திலும் நிகழ்ந்து வந்துள்ள ஒன்றாகும். புலவன் பழங்கதையைப் புதுக்காப்பியம் ஆக்குகின்றான். இசைவாணன் குருவின் வழிவந்த இராகத்தைத் தன் கற்பனைக்கேற்ப விரிக்கின்றான். சிற்பி பழைய உருவத்தைப் புதிய கல்லில் வடிக்கின்றான். இவற்றைக் களவென்று எவருங் கூறுவதில்லை. ஆயின், ஒருவர் வாசித்த வாத்தியத்தின் ஒலியையே பொறியொன்றின் துணைகொண்டு வெட்டியெடுத்து மற்றொருவர் தம் பாட்டில் ஒட்டிக்கொள்வாராயின், அதனை எவ்வாறு மதித்தல் வேண்டும்? அது கடனா, களவா, அன்றிப் புதிய படைப்பா? இருபதாம் நூற்றாண்டின் இறுதியில் அமெரிக்க ஐக்கிய நாட்டில் வலுப்பெற்றெழுந்த இவ்வினாவுக்கு விடைகாண முயல்வோர் தவறாது நோக்கவேண்டியதோர் இசைத்தட்டு உண்டு.

அது, 'பப்ளிக் எனிமி' எனப் பெயரிய கறுப்பினக் கலைஞர் குழுவினர் 1988 ஆம் ஆண்டில் வெளியிட்ட இரண்டாவது தொகுப்பாகும். 'இற் டேக்ஸ் எ நேஷன் ஒவ் மில்லியன்ஸ் டு ஹோல்ட் அஸ் பாக்' என்பது அதன் பெயர். தம்மைத் தடுத்து நிறுத்துவதற்கு இலட்சோப இலட்சம் மக்களைக் கொண்ட ஒரு நாடே திரண்டு வரல்வேண்டும் என்பது அப்பெயரின் கருத்து. அக்குழுவினரின் முதலாந் தொகுப்பிலுள்ள பாட்டொன்றின் அடியே இவ்வாறு இரண்டாந் தொகுப்புக்குப் பெயராயிற்று. பிறர் ஒலியை மாத்திரமன்றித் தமது சொல்லையும் மீள எடுத்துப் புதிய இடத்தில் வைத்துப் பொருள்காணும் இயல்பு இப்பெயரிடுகையிலேயே புலனாகின்றது.

ஹிப் ஹொப் இசையின் தோற்றம்

அவ்வியல்பு இக்குழுவினருக்கு மாத்திரம் உரியதன்று. அதனை விளங்கிக்கொள்ள ஹிப் ஹொப் எனப்படும் இசைவகை பிறந்த சூழலை ஓரளவு அறிதல் இன்றியமையாதது. நியூ யோர்க் நகரின் வடபாலுள்ள புரொங்ஸ் பகுதி 1970 ஆம் ஆண்டுகளில் வறுமையும் வேலையின்மையும் மலிந்த இடமாய் இருந்தது. கட்டடங்கள் பல எரியுண்டும் இடிந்தும் கிடந்தன. இசைக்கருவிகளை வாங்குதற்கும் அவற்றை முறையாகப் பயிலுதற்கும் வாய்ப்பற்ற இளைஞரிடம் இருந்தவை வீட்டிலுள்ளோர் சேர்த்துவைத்த இசைத்தட்டுக்களும், அவற்றைச் சுழற்றும் பெட்டிகளும், ஒலிபெருக்கிகளுமே. யமேக்காவிற் பிறந்து இளமையிலே நியூ யோர்க்கிற் குடியேறிய 'கூல் ஹேர்க்' என்பவர், 1973 ஆம் ஆண்டு ஆகத்து மாதம் 11 ஆந் திகதி, செட்ஜ்விக் அவெனியூவில் 1520 ஆம் இலக்க மாடிக் குடியிருப்பில் தம் சகோதரி ஏற்பாடு செய்த விருந்தில் இசைத்தட்டுக்களை இயக்கினார். அந்நாளையே ஹிப் ஹொப் இசையின் பிறந்த நாளாகப் பலருங் கொள்வர்.

நடனமாட வந்தோர் பாட்டின் எந்த இடத்தில் மிக்க ஊக்கங் கொள்கின்றனர் என்பதை ஹேர்க் கூர்ந்து நோக்கினார். குரலும் ஏனைய கருவிகளும் ஓய, டிரம் மாத்திரஞ் சில வினாடிகள் தனித்தொலிக்கும் இடமே அது. கருநாடக இசைக் கச்சேரியில் மிருதங்கக்காரருக்கு விடப்படுந் தனியாவர்த்தனத்தை நினைப்போர் அதன் இயல்பை எளிதில் உணர்வர். ஆயின் அத்தட்டுக்களில் அது தொடங்கிய சிறிது நேரத்திலேயே முடிந்துவிடும். ஒரே இசைத்தட்டின் இரண்டு படிகளை இரண்டு சுழலிகளில் இட்டு, ஒன்றில் அப்பகுதி முடியுந் தறுவாயில் மற்றையதில் அதனையே மீளத் தொடக்கி, சில வினாடிகளைப் பல நிமிடங்களாக நீட்டும் முறையை ஹேர்க் கையாண்டார். அவ்வாறு நீண்ட தாளத்தின்மேல் இயைபமைந்த சொற்களைத் தாளந் தவறாது பேசும் வழக்கம் வளர்ந்து 'ராப்' எனப் பெயர் பெற்றது. எனவே, பிறர் பதிந்த ஒலியை எடுத்தாளுதல் இவ்விசைக்குப் பின்னர் வந்து சேர்ந்த பழக்கமன்று. அதன் பிறப்போடு உடன்வந்தது என்பது மனங்கொள்ளத்தக்கது.

குழுவும் அதன் நோக்கமும்

பப்ளிக் எனிமி குழுவினர் புரொங்ஸ் பகுதியைச் சேர்ந்தவரல்லர். நியூ யோர்க் நகருக்குக் கிழக்கேயுள்ள லோங் ஐலண்டில், ரூஸ்வெல்ற் முதலிய ஊர்களில் வளர்ந்தவர்கள். குழுவின் தலைவரான 'சக் டீ', இயற்பெயர் கார்ல்ற்றன் றைடன்ஹவர், 1960 ஆம் ஆண்டிற் பிறந்தவர். அடெல்பை பல்கலைக்கழகத்தில் வரைகலை பயின்றவர். துப்பாக்கியின் குறிவட்டத்துள் ஒரு மனிதன் நிற்பதாய் அமைந்த குழுவின் சின்னம் அவர் வரைந்ததே. ஹாங்க் ஷொக்லீ என்பார் அயலூர்களில் நடன நிகழ்ச்சிகளுக்கு ஒலிபெருக்கி கொண்டுசென்று இசைத்தட்டு இயக்கிய 'ஸ்பெக்ட்றம் சிற்றி' எனுங் குழுவை நடத்தியவர். இவ்விருவரும் அப்பல்கலைக்கழகத்தின் வானொலி நிலையத்திற் சேர்ந்து நிகழ்ச்சிகள் நடத்தினர். வானொலியிற் பேசிப் பழகிய அனுபவமும், ஊரூராய்த் தட்டுச் சுழற்றி மக்கள் எதற்கு எழுந்து ஆடுவர் என்று கண்ட அனுபவமும் பிற்கால ஆக்கங்களுக்கு அடித்தளமாயின.

சக் டீயின் கனத்த குரலுக்கு மாறாக, வேடிக்கைப் பேச்சும் கழுத்திற் றொங்கும் பெரிய கடிகாரமுமாய்த் தோன்றுபவர் 'பிளேவர் பிளாவ்'. பழந் தமிழ்க் கூத்துக்களிற் கட்டியக்காரன் தலைமைப் பாத்திரத்துக்கு அருகே நின்று நகையும் எதிருரையுங் கூறுதல் போன்றது அவருடைய தொழில். தட்டுக்களைக் கையால் இயக்கியவர் 'ரேமினேற்றர் எக்ஸ்'. மேடைக் காவலர் அணிக்குத் தலைவராய் இருந்தவர் 'புரொபெசர் கிறிவ்'. 'டெவ் ஜாம்' எனும் நிறுவனம் 1987 ஆம் ஆண்டில் இவர்களது முதலாந் தொகுப்பை வெளியிட்டது. அதனைத் தொடர்ந்த ஓராண்டுக்குட் பிறர் வெளியிட்ட தட்டுக்கள் இவர்களது இசை விரைவிற் பழையதாகிவிடும் என்பதை உணர்த்தின. இசையின் விரைவு கூடல் வேண்டும், செறிவு மிகல் வேண்டும், மேடையில் மக்களை ஓயவிடாத வேகம் தட்டிலும் இருத்தல் வேண்டும் எனும் எண்ணத்தோடு இரண்டாந் தொகுப்பு உருவாக்கப்பட்டது. 'பிறிங் த நொயிஸ்' எனும் பாட்டு நிமிடத்துக்கு ஏறத்தாழ 109 அடி எனும் கதியிற் செல்வது; அக்கால ராப் பாட்டுக்களுள் அது விரைவானதாகும்.

தனித்தனிப் பாட்டுக்களை ஒன்றுசேர்த்தது போலன்றி, முழுத்தட்டும் ஒரே ஆக்கமாய் அமைதல் வேண்டும் என்பதும் அவர்தம் நோக்கமாய் இருந்தது. மார்வின் கேய் என்பார் 1971 ஆம் ஆண்டில் வெளியிட்ட 'வட்ஸ் கோயிங் ஒன்' தம் காலத்துச் சமுதாயத்தின் துன்பத்தைத் தொடக்கமுதல் இறுதிவரை தொடர்ந்து பாடிய தொகுப்பாகும். ராப் இசையில் அதற்கு நிகரான ஒன்றைச் செய்தல் வேண்டுமென்று சக் டீ விரும்பினார். 16 பகுதிகளையும் ஏறத்தாழ 58 நிமிட நீளத்தையுங் கொண்ட இத்தொகுப்பில், பாட்டுக்கும் பாட்டுக்கும் இடையே மௌனம் மிகுதியாக விடப்படவில்லை. 1987 ஆம் ஆண்டு நவம்பர் மாதம் இலண்டன் ஹமர்ஸ்மித் ஒடியன் அரங்கிற் பதியப்பெற்ற மக்கள் ஆரவாரம் இடையிடையே ஒலித்துப் பகுதிகளை இணைக்கின்றது. தட்டின் இரு பக்கங்களும் நீளத்தில் ஏறக்குறைய ஒத்திருக்குமாறு திட்டமிடப்பட்டன.

ஒலியை அடுக்கும் முறை

இத்தொகுப்பின் ஒலியமைப்பைச் செய்தவர்கள் 'பொம் ஸ்குவாட்' என அழைக்கப்பட்டனர். ஹாங்க் ஷொக்லீ, அவர் தம்பியாரான கீத் ஷொக்லீ, எரிக் சட்லர் என்போரும், 'கார்ல் றைடர்' எனும் புனைபெயரிற் சக் டீயும் அதில் இருந்தனர். இவர்களுட் சட்லர் இசைக்கருவிப் பயிற்சி உடையவர். ஹாங்க் ஷொக்லீயோ இசையிலக்கணத்துக்கு ஒவ்வாதென விலக்கப்படும் ஒலிகளை வேண்டுமென்றே நாடியவர். சுருதி சேர்ந்து அமைதியாய் ஒலிப்பதனைக் காட்டிலும், ஒன்றோடொன்று மோதிக் கேட்போரை நிமிரச்செய்யும் ஒலியே தாம் கூறக் கருதிய பொருளுக்கு ஏற்றது என்பது அவர் கொள்கை. இவ்விருவர் நோக்கமும் ஒன்றையொன்று இழுத்து நின்றமையால் ஒழுங்கும் ஒழுங்கின்மையும் அளவறிந்து கலந்த ஓர் அமைப்பு உருவாயிற்று.

அவர்கள் கையாண்ட பொறி 'சாம்ப்ளர்' எனப்படும். இசைத்தட்டிலிருந்து எடுத்த சிறு ஒலித்துணுக்கை நினைவிற் பதித்து, விசையொன்றைத் தட்டும்போதெல்லாம் அதனை மீள ஒலிக்கச்செய்வது அதன் தொழில். 1987 ஆம் ஆண்டில் விற்பனைக்கு வந்த எஸ்.பி. 1200 எனும் பொறி எல்லாமாக ஏறத்தாழ 10 வினாடி ஒலியையே கொள்ளவல்லது. ஆகவே எந்த ஒலியை, எத்தனை நுண்ணிய அளவில் வெட்டியெடுப்பது என்பது பெருஞ் சிந்தனைக்குரியதாயிற்று. நிமிடத்துக்கு 33 சுற்றுச் சுழலவேண்டிய தட்டை 45 சுற்று வேகத்திற் சுழற்றிப் பதிந்துகொண்டு, பின்னர்ப் பொறியில் அதன் வேகத்தைக் குறைத்து ஒலிக்கச்செய்தல் அக்காலத்து வல்லுநர் அறிந்த உபாயமாகும். அதனால் இடமும் மிஞ்சிற்று. ஒலியிற் கரகரப்பும் ஏறிற்று. பொறியின் குறைபாடே புதியதோர் ஒலிச்சுவைக்குக் காரணமாயிற்று எனலாம்.

எடுத்துக்கொண்ட துணுக்கு புதிய இடத்தில் எவ்வாறு மாறுகின்றது என்பதற்கு 'ரெபல் விதவுட் எ போஸ்' எனும் பாட்டு தக்க எடுத்துக்காட்டாகும். ஜேம்ஸ் பிறவுண் என்பாரின் வாத்தியக் குழுவான 'ஜே.பீ.ஸ்' 1970 ஆம் ஆண்டில் வெளியிட்ட 'த கிறண்ட்' எனும் தட்டின் தொடக்கத்திற் சாக்சபோன் ஒன்று கீழிருந்து மேலாய்க் கீச்சிட்டெழும். மூலத்தில் அது ஆடலுக்கு அழைக்குங் குதூகல ஒலி. தோன்றிய மாத்திரத்தே பாட்டினுள் மறைந்துவிடுவது. பொம் ஸ்குவாட்டினர் அச்சிறு கீச்சொலியை எடுத்து, பாட்டு நெடுகிலும் ஓயாது திரும்பத் திரும்ப ஒலிக்க விட்டனர். அதன்கீழ், ஜேம்ஸ் பிறவுணின் 'பங்கி டிரமர்' எனும் தட்டிலுள்ள டிரம் தாளம் ஓடுகின்றது. இப்பொழுது அக்கீச்சொலி ஆடலுக்கு அழைப்பதாய்த் தோன்றவில்லை. தீயணைப்பு வண்டியின் சங்கொலி போன்றும், கொதிக்குங் கேத்தலின் விசில் போன்றும், எந்நேரமும் ஏதோ நிகழப்போவதாய் அச்சுறுத்துகின்றது. ஒலி பழையது, அது தரும் உணர்ச்சி புதியது.

இங்ஙனமே, 'பிளாக் ஸ்ரீல் இன் த அவர் ஒவ் கேயொஸ்' எனும் பாட்டில் ஐசக் ஹேய்ஸ் என்பார் 1969 ஆம் ஆண்டில் வெளியிட்ட நீண்ட காதற் பாட்டொன்றின் பியானோத் துணுக்கு இடம்பெறுகின்றது. மூலத்தில் இன்பச்சுவைக்குத் துணைநின்ற அச்சுரங்கள், சிறைக்கூடத்தின் இருளையும் காத்திருத்தலின் கடுமையையும் இங்கே உணர்த்தி நிற்கின்றன. 'நைற் ஒவ் த லிவிங் பேஸ்ஹெட்ஸ்' எனும் பாட்டிலோ ஏறத்தாழ இருபது தட்டுக்களின் துணுக்குக்கள் ஒன்றன்மேலொன்றாய் அடுக்கப்பட்டுள்ளன. இவற்றைத் தெரிந்து, வெட்டி, இடமறிந்து வைத்தவர் செய்தது வெறும் படியெடுத்தல் ஆகாது.

பாட்டின் பொருள்

ஒலியமைப்பு இவ்வாறாக, அது தாங்கிநிற்கும் பொருளையும் நோக்குதல் தகும். 1980 ஆம் ஆண்டுகளில் அமெரிக்க நகரங்களிற் 'கிறாக்' எனப்படும் கொக்கேயின் வகை பரவிக் கறுப்பின மக்கள் வாழ் பகுதிகளைப் பெரிதும் வாட்டியது. மேற்கூறிய 'பேஸ்ஹெட்ஸ்' பாட்டு அக்கேட்டினைப் பாடுவது. போதைக்கு அடிமையானோரையும், தம் இனத்தவருக்கே அதனை விற்றுப் பொருளீட்டுவோரையும் அது ஒருசேரக் கடிந்துரைக்கின்றது. 'டோண்ற் பிலீவ் த ஹைப்' எனும் பாட்டு, பத்திரிகைகளும் வானொலிகளும் கூறுவனவற்றை ஆராயாது நம்புதல் தீது என்று அறிவுறுத்துகின்றது. 'லவுடர் தான் எ பொம்' எனும் பாட்டு அரசாங்கத் துப்பறிவோர் தொலைபேசியை ஒட்டுக்கேட்பதைப் பற்றியது. 1956 ஆம் ஆண்டு தொடக்கம் 1971 ஆம் ஆண்டு வரை அமெரிக்கக் கூட்டாட்சிப் புலனாய்வுத் துறையினர் கறுப்பினத் தலைவர்களையும் பிற இயக்கத்தினரையும் மறைவாகக் கண்காணித்துக் குலைக்க முயன்றனர் என்பது வெளிப்பட்ட வரலாறாதலின், அப்பாட்டு வீண் கற்பனையன்று.

'பிளாக் ஸ்ரீல்' ஒரு கதைப்பாட்டு. படையிற் சேருமாறு அரசாங்கத்திலிருந்து கடிதம் பெறும் ஒருவன் அதனை மறுக்கின்றான், சிறையிலிடப்படுகின்றான், பின்னர் ஏனைய கைதிகளோடு சேர்ந்து தப்ப முயல்கின்றான். தமக்கு உரிமை வழங்காத நாட்டுக்காக ஏன் உயிர்கொடுத்தல் வேண்டும் என்பது அதன் உள்ளீடு. குத்துச்சண்டை வீரர் முகம்மது அலி 1967 ஆம் ஆண்டில் வியற்னாம் போருக்குச் செல்ல மறுத்துத் தம் பட்டத்தை இழந்த நிகழ்ச்சியை அறிந்தோர்க்கு இக்கதையின் வேர் விளங்கும்.

இன்னுமொன்று ஈண்டுக் குறிப்பிடத்தக்கது. 'பிறிங் த நொயிஸ்' பாட்டு மல்கம் எக்ஸ் என்பாரின் குரலோடு தொடங்குகின்றது. 1963 ஆம் ஆண்டில் டிற்றொயிற் நகரில் அவர் ஆற்றிய பேருரையிலிருந்து எடுக்கப்பட்ட சில சொற்களே அவை. 1965 ஆம் ஆண்டிற் கொலையுண்ட தலைவர் ஒருவர், 1988 ஆம் ஆண்டின் இளைஞர் ஆடும் இசையினுள் மீண்டும் பேசுகின்றார். அவர் பெயரை அதுவரை செவிமடுத்திராத சிறுவர் பலர் இத்தட்டின் வாயிலாக அவரைத் தேடிப் படிக்கத் தலைப்பட்டனர். ஜேம்ஸ் பிறவுணின் தாளமும் மல்கம் எக்ஸின் குரலும் ஒரே தலைமுறையின் எழுச்சிக்கு உரியவை. அவற்றை ஒன்றுசேர்த்துப் பின்வந்தோர்க்குக் கையளித்தல் இத்தொகுப்பின் உள்ளார்ந்த பணியாய் இருந்தது. ஆகவே, எடுத்தாளுதல் இங்கே உழைப்பைக் குறைக்கும் உபாயமாய் நில்லாது, பாட்டின் பொருளோடு ஒன்றாயிற்று.

நீதிமன்றத்திற் கடனும் களவும்

தம்மீது களவுக் குற்றஞ் சாட்டப்படும் என்பதைக் குழுவினர் அறியாதிருக்கவில்லை. 'கோட், கான் வீ கெற் எ விற்னஸ்' எனும் பாட்டில், தாளத்தைத் திருடியதாகத் தாம் நீதிமன்றத்தில் நிறுத்தப்படுவதாகவே அவர்கள் கற்பனை செய்துள்ளனர். தாளத்தை நிலத்தினின்று அகழ்ந்தெடுத்த கனிப்பொருளுக்கு ஒப்பிட்டு, கண்டெடுத்தவனுக்கு அது உரியது எனும் பாங்கில் அங்கே வாதம் நிகழ்கின்றது.

மூன்றாண்டுகளின் பின் அக்கற்பனை நனவாயிற்று. ஆயின் கூண்டில் நின்றவர் வேறொருவர். பிஸ் மார்க்கீ எனும் ராப் கலைஞர் கில்பேற் ஓசலிவன் என்பாரின் பாட்டொன்றின் பகுதியை உரிமம் பெறாது பயன்படுத்தினார் என்ற வழக்கில், 1991 ஆம் ஆண்டு டிசம்பர் மாதம் நியூ யோர்க்கிலுள்ள கூட்டாட்சி மாவட்ட நீதிமன்றம் தீர்ப்பளித்தது. நீதிபதி டவி களவினை விலக்கும் விவிலியக் கட்டளையை முதலில் எடுத்துரைத்தே தம் தீர்ப்பைத் தொடங்கினார். அதன்பின் ஒவ்வொரு துணுக்குக்கும் முன்கூட்டியே இசைவு பெறுதல் இசைத்தட்டு நிறுவனங்களின் வழக்கமாயிற்று. 2005 ஆம் ஆண்டில் ஆறாம் சுற்று மேன்முறையீட்டு நீதிமன்றம், இரண்டு வினாடிக் கிற்றார் ஒலியைப் பற்றிய வழக்கில், உரிமம் பெறுக அன்றேல் எடுத்தாளாதொழிக எனும் கருத்துப்பட முடிவு கூறியது. 2016 ஆம் ஆண்டில் ஒன்பதாம் சுற்று நீதிமன்றமோ, மடோனாவின் பாட்டிலுள்ள கால் வினாடிக்குங் குறைந்த ஓர் ஒலியைப் பற்றி ஆராய்ந்து, அத்துணைச் சிறிய அளவு சட்டமீறல் ஆகாதெனத் துணிந்தது. ஆகவே சட்டவல்லுநரிடையேயும் இப்பொருள்பற்றி ஒருமைப்பாடு ஏற்படவில்லை.

இத்தீர்ப்புக்களின் விளைவு தெளிவானது. ஒரு பாட்டில் இருபது துணுக்குக்களை அடுக்கின், பாட்டியற்றியவருக்கும் ஒலிப்பதிவின் உடைமையாளருக்கும் எனத் துணுக்கொன்றுக்கு இருவகை உரிமங்களாக நாற்பது இசைவுகளைப் பெறவேண்டி நேரும். அவ்வளவு பொருள் எவரிடம் உண்டு? ஒரே தட்டின் நீண்ட பகுதியொன்றை விலைகொடுத்து வாங்கி அப்படியே ஓடவிடுதல், நூறு சிறு துணுக்குக்களைக் கோத்துப் புதியதொன்றைச் செய்வதிலும் எளிதாயிற்று. சட்டம் எடுத்தாளுதலை ஒழித்துவிடவில்லை. உழைப்பு மிக்க எடுத்தாளுதலுக்கு இடர் விளைத்து, உழைப்புக் குறைந்ததற்கு வழிவிட்டது. 1988 ஆம் ஆண்டின் இத்தொகுப்பைப் போன்ற ஒன்றை அதே முறையில் மீண்டும் வெளியிடுதல் அரிதாயிற்று.

இதனாற் கலைஞர் பக்கமே நீதி முழுவதும் உள்ளது என்று துணிதலும் பொருந்தாது. 'பங்கி டிரமர்' தட்டில் அந்தத் தாளத்தை வாசித்தவர் கிளைட் ஸ்ரபிள்பீல்ட் என்பார். 1943 ஆம் ஆண்டில் சற்றனூகா எனும் ஊரிற் பிறந்த அவர், ஜேம்ஸ் பிறவுணின் குழுவிற் சம்பளத்துக்கு வாசித்தவர். அவர் கையில் எழுந்த சில வினாடித் தாளம் பப்ளிக் எனிமியின் தட்டில் மாத்திரமன்றி எண்ணிறந்த பிற தட்டுக்களிலும் ஒலித்தது. உலகிலே மிகுதியாக எடுத்தாளப்பட்ட தாளங்களுள் அதுவும் ஒன்று. ஆயினும் பாட்டியற்றியவராக அவர் பெயர் பதியப்படாமையாலும், ஒலிப்பதிவின் உடைமை அவருக்கு இல்லாமையாலும், அதனால் விளைந்த வருவாயிற் பங்கு அவரைச் சேரவில்லை. அதுபற்றித் தாம் மனம் உடையவில்லையெனினும், பிறர் உழைப்பைப் பயன்படுத்தி ஈடு கொடாது விடுதல் மதிப்பின்மையாகும் என்று அவர் பத்திரிகையாளரிடங் கூறியதுண்டு. 2017 ஆம் ஆண்டில் அவர் காலமானார்.

இங்கேதான் கனிப்பொருள் உவமையின் குறை வெளிப்படுகின்றது. மண்ணிற் கிடக்குங் கனிப்பொருளை எவருஞ் செய்திலர். தாளமோ ஒரு மனிதனின் மணிக்கட்டிலும் விரலிலும் பல்லாண்டுப் பயிற்சியாற் பிறந்தது. அதனைக் கண்டெடுத்த பொருள் என்று கூறுமிடத்து அதனைச் செய்தவன் மறைக்கப்படுகின்றான். மறுபுறத்தில், களவென்று கடிந்த சட்டமும் அவனைக் கண்டுகொண்டதில்லை. அது ஈடு பெற்றுக்கொடுப்பது பத்திரங்களில் உடைமை உள்ளவர்க்கே, வாசித்தவருக்கன்று. வாதி, பிரதிவாதி ஆகிய இருவர் வழக்கிலும் ஸ்ரபிள்பீல்ட் போன்றோர்க்கு இடமில்லாமற் போயிற்று.

சக் டீயின் பிற்கால வாழ்க்கையிலும் இவ்வினா வேறொரு வடிவில் மீண்டது. அவர் எண்களைச் சொல்லும் குரற்றுணுக்கு ஒன்றை, போதைப்பொருள் விற்பனைக்கு விதிகள் வகுத்துரைக்கும் பாட்டொன்றிலே 'நொட்டோரியஸ் பீ.ஐ.ஜீ.' எனும் கலைஞரின் தட்டு எடுத்தாண்டது. தாம் வாழ்நாள் முழுதுங் கண்டித்த தொழிலுக்குத் தம் குரலே துணைபோவதைக் கண்ட சக் டீ 1998 ஆம் ஆண்டில் வழக்குத் தொடுத்தார். அது பின்னர் இணக்கமாகத் தீர்க்கப்பட்டது. இதனை முரண்பாடென்று நகையாடுவோர் உளர். ஆயினும் கூர்ந்து நோக்கின், ஒலி என்பது வெறும் பொருளன்று, அதனை எழுப்பியவரின் மானமும் நோக்கமும் அதனுள் உறைகின்றன எனும் உண்மையை அவ்வழக்கு உணர்த்துதல் காணலாம். அவ்வுண்மை ஸ்ரபிள்பீல்டுக்கும் ஒக்கும்.

குறைகளும் மதிப்பீடும்

இத்தொகுப்பைப் புகழ்வோர் அதன் குறைகளை மறைத்தல் முறையன்று. தொலைக்காட்சியின் மயக்கத்தைக் கண்டிக்கும் 'ஷீ வாச் சனல் சீறோ' எனும் பாட்டு, அக்குற்றத்தைப் பெண்கள்மேல் மாத்திரஞ் சுமத்துகின்றது. பெண்களைத் தாழ்த்தும் நோக்கு அதில் உண்டென்று திறனாய்வாளர் கூறியது பொருத்தமே. 1989 ஆம் ஆண்டில் புரொபெசர் கிறிவ் பத்திரிகைச் செவ்வியொன்றில் யூத மக்களை இழித்துப் பேசினமை பெருங் கண்டனத்துக்கு உள்ளாயிற்று. சக் டீ வருத்தந் தெரிவித்தார். கிறிவ் குழுவினின்று நீக்கப்பட்டார். ஓரினத்தார்க்கு இழைக்கப்பட்ட கொடுமையை எடுத்துரைக்கும் மேடையிலிருந்து மற்றோரினத்தாரைப் பழிக்குஞ் சொல் எழுந்தமை, அம்மேடையின் வலிமையையே குன்றச்செய்தது.

இக்குறைகளிருந்தும் தொகுப்பின் மதிப்புக் காலஞ் செல்லச் செல்ல உயர்ந்தே வந்துள்ளது. வெளியான ஆண்டில் 'வில்லேஜ் வொயிஸ்' பத்திரிகை நடத்திய திறனாய்வாளர் வாக்கெடுப்பில் அது முதலிடம் பெற்றது. 1989 ஆம் ஆண்டிற் பத்து இலட்சம் படிகளுக்குரிய 'பிளாட்டினம்' சான்று அதற்கு வழங்கப்பட்டது. 2013 ஆம் ஆண்டில் ரொக் இசைப் புகழ்மண்டபத்திற் குழுவினர் சேர்க்கப்பட்டனர். 2020 ஆம் ஆண்டில் 'ரோலிங் ஸ்ரோன்' சஞ்சிகை தெரிந்த 500 தொகுப்புக்களுள் அது 15 ஆம் இடத்தில் வைக்கப்பட்டது.

முடிவுரை

மேற்கூறியவற்றால் இருவேறு வினாக்கள் ஒன்றாய் மயங்கிக் கிடந்தமை புலனாகும். ஓர் ஆக்கம் புதியதா என்பது ஒரு வினா. அவ்வாக்கம் எவருக்குக் கடன்பட்டுள்ளது என்பது மற்றொன்று. முன்னதற்கு, இத்தொகுப்பு ஐயத்துக்கு இடமின்றி விடைதருகின்றது. நூறு தட்டுக்களிற் சிதறிக்கிடந்த ஒலிகள் அங்கே ஒரே எச்சரிக்கைக் குரலாய்த் திரண்டன; மூலங்களில் எங்கும் இல்லாத ஒரு பொருளை அவை பெற்றன. ஆனால் ஆக்கம் புதியது என்பதனாற் கடன் இல்லையென்றாகிவிடாது. கடன் உண்டு என்பதனால் ஆக்கம் களவென்றாகிவிடவும் மாட்டாது.

முதனூல், வழிநூல், சார்புநூல் என நூல்களைப் பகுத்த தமிழிலக்கண மரபு, வழிநூலைத் தாழ்ந்ததென்று ஒதுக்கவில்லை. முன்னோர் வழியைத் தழுவிச் சென்று வேண்டிய விகற்பங்களைச் செய்தலை அதற்கு இலக்கணமாக்கிற்று. தொல்காப்பியரும் தாம் கூறுவனவற்றை முன்னைப் புலவர் கூற்றென்று பலவிடங்களிற் சுட்டிச் செல்வர். எடுத்தாளுதலும் எடுத்தது எங்கிருந்தென்று உரைத்தலும் ஒருங்கு செல்லவேண்டியவை என்பதே அம்மரபு கற்பிக்கும் பாடம். அமெரிக்க இசைத்தட்டு உலகம் முன்னதனை வியத்தகு வகையிற் செய்துகாட்டியது. பின்னதனை வழக்கறிஞரிடம் விட்டுவிட்டது. தாளம் அமைத்த கைக்குரிய பெயரும் பங்கும் அக்கையைச் சேருமாறு ஒரு முறை வகுக்கப்படும்வரை, 1988 ஆம் ஆண்டின் அக்கற்பனை வழக்கு முடிந்ததாகக் கொள்ளுதற்கில்லை.